கைதான் நமக்கு மூலதனம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுத்தது.)



நம்ம கூட்டமைப்பில் கருவாடு போடுற குழு இருக்கு, ஊறுகாய்க் குழு இருக்கு, தையல் குழு இருக்கு. மணப்பாட்டுப் பக்கம் பனை ஓலையில் பெண்கள் செய்யிற பெட்டியும் கூடையும் எங்கெல்லாமோ போகுது. மர வேலை மட்டும் நமக்குப் புதுசு. புன்னைக்காயலில் நாங்கள் வீட்டுப் பெயர்ப்பலகை, படச் சட்டம், மாதா சுரூபம் வைக்கிற பீடம், கிறிஸ்மஸ் குடில் இதெல்லாம் செய்ய ஆரம்பிச்ச பிறகு மத்தக் குழுக்களும் கேட்குறாங்க. "அந்த மெஷினை நாங்களும் வாங்கலாமா? பயமா இருக்காதா?" என்று. அதுக்குப் பதில் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வாங்கலாம். பயமும் கொஞ்சம் இருக்கணும். அடுப்பைக் கண்டு நமக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு போதும். அடுப்புக்குப் பயந்து யாரும் சமைக்காமல் இருக்கிறதில்லை. ஆனால் சேலையைச் செருகாமல் அடுப்புக்கிட்டப் போகிறதும் இல்லை. அதே மாதிரிதான் இதுவும்.

முதலில் ரவுட்டர் என்றால் என்னவென்று சொல்லிடுறேன். ரவுட்டர் என்றதும் நிறையப் பேர் வைஃபை பெட்டியை நினைச்சிக்கிடுறாங்க. இது அது இல்லை. இது தச்சு வேலை மெஷின். கையால் பிடிக்கிற ஒரு மோட்டார். அதுக்குக் கீழே ஒரு அடித்தட்டு. தட்டின் நடுவில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக ஒரு வெட்டுற பிட் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். பலகை மேல் தட்டை வச்சு நகர்த்தினால் பிட் போகிற வழியெல்லாம் மரம் பள்ளமாகும். எழுத்து வெட்டலாம், ஓரத்தை உருட்டலாம், கண்ணாடி உட்காரச் சட்டத்துக்குள் படி எடுக்கலாம். உளியும் கொட்டாப்புளியும் வச்சு அரை நாள் செய்கிற வேலையை அரை மணியில் முடிக்கலாம். ஒரு கையில் அடங்குகிற சின்ன மெஷினைக் கடையில் டிரிம்மர் என்பார்கள். ரெண்டு பக்கமும் பிடி வச்சிருக்கும் பெரிய மெஷினைத்தான் ரவுட்டர் என்பார்கள். ரெண்டுக்கும் ஒழுங்கு ஒண்ணுதான்.

இதோட வேகத்தை நம்ம வீட்டுச் சாமானோடு ஒப்பிட்டுச் சொல்லுறேன். சீலிங் ஃபேன் நிமிஷத்துக்குச் சுமார் 350 சுற்று சுத்தும். மிக்சி கிட்டத்தட்ட 18,000 முதல் 20,000. சின்ன ரவுட்டர் 30,000 வரை போகும். அதாவது நொடிக்கு 500 சுற்று. பிட்டில் ரெண்டு வெட்டு முனை இருந்தால் நொடிக்கு 1,000 வெட்டு. 12 மில்லிமீட்டர் பிட்டின் முனை மணிக்குச் சுமார் 68 கிலோமீட்டர் வேகத்தில் போகுது, நல்ல ரோட்டில் பஸ் போகிற வேகம். மிக்சியில் பிளேடு ஜாருக்குள்ளே மூடியோடு இருக்கு. மூடியைத் திறந்து கையை விடுவோமா? மாட்டோம். ரவுட்டரில் அந்த மூடி கிடையாது. அதனால் மூடி செய்கிற வேலையை நம்ம பழக்கம்தான் செய்யணும். நான் இனிமேல் சொல்லப் போறது எல்லாமே அந்தப் பழக்கங்கள்தான்.

வேலைக்கு உட்காரும் முன்னால் நம்ம உடுப்பு. சேலை கட்டுறவங்க முந்தானையை இறுக்கிச் செருகி, மேலே ஒரு பழைய முழுச்சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கிடுங்க. சுடிதார் போடுற பிள்ளைகள் துப்பட்டாவை வீட்டில் வச்சுட்டு வாங்க. முடியைக் கொண்டை போடணும், பின்னல் தொங்கக் கூடாது. கண்ணாடி வளையல், கழுத்தில் தொங்குகிற சங்கிலி, ஜெபமாலை, தாலிச் சரடு எல்லாம் குனியும்போது முன்னால் வந்து விழும். கழற்ற மனசு இல்லைன்னா சட்டைக்குள்ளே போட்டு மேல் பொத்தானைப் பூட்டுங்க. இன்னொண்ணு, கையுறை போட்டால் பத்திரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சுத்துகிற மெஷினுக்குக் கையுறை ஆகாது. துணி நுனி பிட்டில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்திடும். வெறுங்கைதான் நல்லது.

காலையும் பார்க்கணும். நாம மணலில் வெறுங்காலோடு நடந்து பழகினவங்க. இந்த வேலைக்கு மூடின செருப்பு வேணும். கீழே விழுகிற சிலாம்பு குத்தும். ஈரமான தரையில் வெறுங்காலோடு நின்னு கரண்ட் சாமானைப் பிடிக்கவும் கூடாது.

அடுத்தது மரம். கடைப் பலகை வாங்கி வேலை செய்தால் பிரச்சினை குறைவு. ஆனால் நமக்குக் கைக்கு எட்டுறது பழைய மரம். உடைச்ச வள்ளத்துப் பலகை, பழைய ஓட்டு வீட்டுப் பனங்கை, கதவு, நிலை. ஃபைபர் படகு வந்த பிறகு கரையில் கிடக்கிற வள்ளத்துப் பலகைக்கு ஒரு தனி அழகு இருக்கு. வாங்குறவங்களும் விரும்பிக் கேட்குறாங்க. ஆனால் அதுக்குள்ளே ஆணி இருக்கும். இரும்பாணி என்றால் காந்தத்தை வச்சுத் தடவினால் தெரிஞ்சிடும். செம்பாணி காந்தத்துக்குப் பிடிபடாது. அதுக்குப் பலகையைச் சுரண்டி, பச்சைக் களிம்பு பிடிச்ச இடம் இருக்கா என்று கண்ணாலே பார்க்கணும், விரலாலே தடவணும். சுத்துகிற பிட் ஆணியில் மோதினால் பிட் உடையும், உடைஞ்ச துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வள்ளத்துப் பலகையின் இடுக்கில் மணலும் இருக்கும். பிரஷ் போட்டுக் கழுவிக் காய வச்ச பிறகுதான் மெஷினைத் தொடணும். மணல் பட்டால் நல்ல பிட்டும் ஒரே நாளில் மழுங்கிடும்.

பழைய பெயிண்ட் இன்னொரு ஆபத்து. முந்தின காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேலே இருக்கக் கூடாது என்று நம்ம நாட்டில் விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதுக்கு முன்னால் அடிச்ச பெயிண்டை மெஷின் வச்சு உடைச்சால் அந்தத் தூள் காத்தில் பறந்து நம்ம மூக்குக்குள்ளே போகும், பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்திலும் விழும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால் பழைய பெயிண்டைத் தண்ணீர் தொட்டு நனைச்சுச் சுரண்டி, சுரண்டின தூளைக் காகிதத்தில் மடிச்சுக் கட்டி அப்புறப்படுத்திடுங்க. பிறகு மெஷின்.

பனை மரத்தைப் பத்திச் சொல்லணும். பனை நம்ம மாநில மரம். நிக்கிற பனையை வெட்டணும் என்றால் கலெக்டர் அனுமதி வேணும். நமக்கு அது தேவையில்லை, பிரிச்ச வீட்டுப் பனங்கையே போதும். அந்தக் கறுப்பு நார் இரும்பு மாதிரி. நாருக்கு நடுவில் இருக்கிறது மெத்தென்று இருக்கும். பிட் மெத்தென்ற இடத்தில் ஓடி, கறுப்பு நாரில் இடிச்சு, வெடுக்கென்று துள்ளும். சிலாம்பு ஊசி மாதிரி தெறிக்கும். புதுசாகப் பழகுறவங்க பனையில் ஆரம்பிக்க வேண்டாம். வேம்பு, தேக்குத் துண்டில் கை பழகட்டும். பனையில் செய்யும்போது ஒரு தடவைக்கு ரெண்டு மில்லிமீட்டருக்கு மேலே இறக்க வேண்டாம்.

இனி பிட் மாட்டுறது. பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் பிட்டில் கை வைக்கணும். சுவிட்சை அணைச்சால் போதாது, பிளக்கே வெளியே இருக்கணும். பிடுங்கின பிளக்கை நம்ம கண்ணுக்கு முன்னால் மேஜை மேலேயே வச்சுக்கிடுங்க. அப்போ வேறு யாரும் தெரியாமல் மாட்டிட முடியாது.

சின்ன மெஷினுக்கான பிட்டின் தண்டு பெரும்பாலும் ரெண்டு அளவில் வரும். ஒண்ணு 6 மில்லிமீட்டர், இன்னொண்ணு கால் இன்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். கால் இன்ச் காலெட்டில் 6 மில்லிமீட்டர் பிட்டை மாட்டி முறுக்கினால் பிடிச்ச மாதிரி இருக்கும், ஓடும்போது வழுக்கி இறங்கிடும். கடையில் வாங்கும்போதே மெஷினைக் கொண்டுபோய், எந்த அளவுக் காலெட் என்று கேட்டு, அதே அளவுப் பிட்டை வாங்குங்க. கலந்து வச்சால் குழப்பம் வரும். எங்கள் குழுவில் ஒரே அளவுதான் வாங்குறது என்று முடிவு பண்ணி, டப்பா மேலே எழுதி ஒட்டிட்டோம்.

தண்டை அடிவரை விட்டு, பிறகு ரெண்டு மூணு மில்லிமீட்டர் மேலே இழுத்து, ஸ்பேனரால் முறுக்குங்க. அடியில் முட்டிக்கிட்டு நின்னால் இறுக்கம் சரியாக விழாது. தண்டில் முக்கால் பங்காவது உள்ளே இருக்கணும். ஆழமாக வெட்டணும் என்கிறதுக்காகப் பிட்டை வெளியே இழுத்து வைக்கவே கூடாது. முறுக்கின பிறகு ஸ்பேனரை எடுத்தாச்சா என்று பார்த்துட்டுத்தான் பிளக்கை மாட்டணும். அகலமான பிட் என்றால் வேகத்தைக் குறைக்கணும். பிட் பெருசாகப் பெருசாக அதன் ஓரம் போகிற வேகமும் கூடும். எந்தப் பிட்டுக்கு எவ்வளவு வேகம் என்று பிட் டப்பாவிலோ மெஷின் புத்தகத்திலோ போட்டிருக்கும். வேகம் மாத்த முடியாத சின்ன மெஷினில் பெரிய பிட்டை மாட்டவே வேண்டாம்.

மலிவாகக் கிடைக்குது என்று ஒரு கடையில் ஒரு செட் பிட் வாங்கினோம். மூணாவது நாள் ஒரு பிட்டின் வெட்டு முனை தெறிச்சு வந்து என் கண்ணாடியில் பட்டுது. கண்ணாடியில் பள்ளம் விழுந்துது, கண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. அந்தக் கண்ணாடியை நான் தூரப் போடலை. புதுசாகப் பழக வருகிற பிள்ளைகளிடம் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன். அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தவங்க யாரும் "எனக்குக் கண்ணாடி வேண்டாம்" என்று சொன்னதில்லை. வெயிலுக்குப் போடுற கண்ணாடியோ படிக்கிற கண்ணாடியோ இதுக்கு ஆகாது. பக்கத்தையும் மூடுகிற தொழில் கண்ணாடி வேணும்.

அடுத்தது பலகையைப் பிடிச்சு நிறுத்துறது. நாம மீன் வெட்டும்போது ஒரு கையால் மீனைப் பிடிச்சு மறு கையால் வெட்டுவோம். அந்தப் பழக்கம் இங்கே வரக் கூடாது. ரெண்டு கையும் மெஷினில்தான் இருக்கணும். பலகையைப் பிடிக்கிற வேலையைக் கிளாம்ப் பார்த்துக்கிடும். ஒரு கிளாம்ப் போட்டால் பலகை அதையே அச்சாக வச்சுத் திரும்பும். அதனால் குறைஞ்சது ரெண்டு போடணும். காலால் மிதிச்சுக்கிறது, மடியில் வச்சுக்கிறது, இன்னொருத்தியைப் பிடிக்கச் சொல்றது மூணும் கூடாது. சின்னத் துண்டில் வேலை இருந்தால், பெரிய பலகையிலேயே அந்த வேலையை முடிச்சுட்டுப் பிறகு துண்டாக அறுத்துக்கிடுங்க.

இப்போ ஓட்டுறது. சுவிட்ச் அணைஞ்சிருக்கா என்று பார்த்து பிளக்கை மாட்டுங்க. பிட் மரத்தில் படாமல் மெஷினைப் பிடிச்சுக்கிட்டு சுவிட்சைப் போடுங்க. முழு வேகம் வந்து சத்தம் ஒரே சீராகிற வரை பொறுங்க. பிறகு மெதுவாக மரத்துக்குள்ளே விடுங்க. முடிஞ்சதும் மரத்தை விட்டு வெளியே எடுத்து, சுவிட்சை அணைச்சு, பிட் முழுசாக நின்ன பிறகுதான் கீழே வைக்கணும். சுவிட்சை அணைச்ச பிறகும் பிட் கொஞ்ச நேரம் சுத்தும். கையை வெட்டிக்கிடுறது பல நேரம் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். நின்ன பிட்டையும் உடனே தொடாதீங்க, தோசைக்கல் மாதிரி சுடும்.

இனிச் சொல்லப் போறது திசை. இதை மட்டும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. மேலே இருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகிற திசையில் சுத்தும். பலகையின் ஓரத்தை வெட்டும்போது, பலகை நமக்கு முன்னால், மெஷின் நம்ம பக்கத்து ஓரத்தில் என்று வச்சுக்கிடுங்க. மெஷினை இடமிருந்து வலமாகத் தள்ளணும். தமிழ் எழுதுகிற திசை என்று ஞாபகம் வச்சுக்கிட்டால் மறக்காது. அப்படித் தள்ளினால் மரம் மெஷினைக் கொஞ்சம் எதிர்க்கும். அந்த எதிர்ப்புத்தான் நமக்குப் பாதுகாப்பு. வலமிருந்து இடமாகப் போனால் பிட் சக்கரம் மாதிரி மரத்தில் உருண்டு, மெஷினை நம்ம கையில் இருந்து பறிச்சுக்கிட்டு ஓடும்.

நம்ம முகத்துவாரத்தில் படகு விடுறவங்களுக்கு இது தெரியும். ஆத்துத் தண்ணீர் வடிகிற நேரத்தில் எதிர்த்துத் துடுப்புப் போட்டால் கை வலிக்கும், ஆனால் படகு நம்ம சொல் கேட்கும். தண்ணீரோடு போனால் சுகமாக இருக்கும், ஆனால் திருப்பணும் என்கிற இடத்தில் திரும்பாது. ரவுட்டரும் அப்படித்தான். லேசாக ஓடுது என்று சந்தோஷப்படக் கூடாது. லேசாக ஓடினால் திசை தப்பு.

பலகையின் வெளி ஓரத்தை முழுசாகச் சுத்தி வரணும் என்றால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுத்தணும். சட்டத்தின் உள் ஓரம் என்றால் அதுவே மாறும், கடிகார முள் போகிற மாதிரி போகணும். குழப்பமாக இருந்தால் வேலைக்கு முன்னால் பலகை மேலே பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கிடுங்க. நான் இன்னைக்கும் போடுறேன். நாலு ஓரத்தையும் வெட்டணும் என்றால் நார் வெட்டுப்படுகிற குறுக்கு ஓரத்தை முதலில் முடிங்க. மூலையில் கொஞ்சம் பிய்ஞ்சாலும், பிறகு நெடுக்கு ஓரத்தை வெட்டும்போது அது மறைஞ்சிடும்.

ஆழத்துக்குப் பேராசை வேண்டாம். பிட்டின் அகலத்தில் பாதிக்கு மேலே ஒரே தடவையில் இறக்கக் கூடாது. 6 மில்லிமீட்டர் பிட் என்றால் ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர். 9 மில்லிமீட்டர் பள்ளம் வேணும் என்றால் மூணு தடவை ஓட்டுங்க. மெஷின் முனகினால் ரொம்ப இறக்கியிருக்கு என்று அர்த்தம். கருகின வாசனை வந்தால் பிட் மழுங்கிட்டுது, இல்லைன்னா நாம ரொம்ப மெதுவாகப் போறோம். மழுங்கின அரிவாள்மணைதான் கையை வெட்டும் என்று நம்ம அம்மாமார் சொல்லுவாங்க. பிட்டும் அப்படித்தான். மழுங்கினால் நாம அழுத்தித் தள்ளுவோம், அழுத்தும்போதுதான் வழுக்கும்.

தூசியைச் சாதாரணமாக நினைக்காதீங்க. மரத்தூள் மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே உறுதியான பட்டியலில் சேர்த்துட்டுது. மூக்குக்குள்ளே வருகிற புற்றுநோய் அது. முந்தானையால் மூக்கைப் பொத்தினால் பெரிய தூள் நிக்கும், கண்ணுக்குத் தெரியாத தூள் உள்ளே போகும். கொரோனா காலத்தில் பழகின என்-95 முகக்கவசமே இதுக்கும் நல்லது. நம்ம ஊரில் ஒரு வசதி, காத்துக்குக் குறைவில்லை. வெளியே நிழலில், காத்து நம்ம முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ வருகிற மாதிரி நின்னால் தூள் நம்மை விட்டுப் போயிடும். காதுக்கும் மூடி வேணும். இந்தச் சத்தத்தில் தினமும் வேலை செய்தால் காது மெல்ல மெல்ல மந்தமாகும், போன காது திரும்பி வராது.

கரண்ட் விஷயம். கடல் காத்து எல்லா இரும்பையும் தின்னும், மெஷினையும் சுவிட்சையும் பிளக்கையும் விடாது. வேலை முடிஞ்சதும் துணியால் துடைச்சு மூடின டப்பாவில் வைங்க. வயர் வெடிச்சிருக்கா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்க. வயரைத் தோள் மேலே பின்பக்கமாக விட்டுக்கிட்டால் பிட்டுக்கு முன்னால் வராது. மெஷின் ஓடுகிற வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கணும். கரண்ட் கசிஞ்சால் நம்மைத் தாக்கி முடிக்கிறதுக்குள் அது அணைச்சிடும். அப்புறம் கரண்ட் கட். வேலை நடுவில் கரண்ட் போனதும் மெஷினை அப்படியே வச்சுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிடுவோம். சுவிட்ச் போட்டபடியே இருக்கும். அரை மணி கழிச்சுக் கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழும்பி மேஜை மேலே துள்ளும். பக்கத்தில் பிள்ளை நின்னால் என்ன ஆகும்? கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்குறது.

தனியாக யாரும் இந்த மெஷினை ஓட்டக் கூடாது என்கிறதை நாங்கள் கட்டாயமாக வச்சிருக்கோம். நம்ம முன்னோர் முத்துக் குளிச்ச காலத்தில், 1961-க்குப் பிறகு நம்ம தூத்துக்குடிக் கடலில் அந்த முத்துச்சலாபம் நடக்கலை, குளிக்கிறவர் இடுப்புக் கயிறைப் படகில் இருந்து மச்சான்தான் பிடிப்பார் என்று பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கோம். தன் அக்கா தங்கச்சி தாலிக்காக அவர் கண் அசர மாட்டார் என்பதுதான் காரணம். ரவுட்டரை ஒருத்தி ஓட்டினால் இன்னொருத்தி பிளக்குக்குப் பக்கத்தில் உட்காரணும். வேறு வேலை பார்க்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. ஏதாவது ஆனால் பிளக்கைப் பிடுங்குறது அவள் பொறுப்பு. பிள்ளைகளை அண்ட விடாமல் பார்க்கிறதும் அவள் பொறுப்பு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். மெஷின் ஓடும்போது பின்னால் இருந்து "ஏ அக்கா" என்று கூப்பிடாதீங்க. தோளைத் தொடாதீங்க. அவள் திரும்பினால் கையும் திரும்பும். அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்து நின்னு, அவளாக அணைக்கிற வரை பொறுங்க. ராத்திரி முழிச்சு மீன் வேலை பார்த்த மறுநாளும், காய்ச்சல் மாத்திரை போட்ட நாளும், வீட்டில் சண்டை போட்டு மனசு சரியில்லாத நாளும் மெஷினைத் தொட வேண்டாம். அன்னைக்கு மணல்தாள் போடுற வேலை, வார்னிஷ் வேலை இருக்கு, அதைப் பார்க்கலாம்.

இவ்வளவும் பார்த்தும் ஏதாவது நடந்துட்டால்? வெட்டுப்பட்ட இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிச்சு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைங்க. மஞ்சப்பொடி, காப்பித்தூள் எதுவும் போடாதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. விரல் துண்டாகிட்டால், அந்தத் துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுத்தி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைங்க. நம்ம ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீனை ஐஸில் போடுற மாதிரி விரலை நேராக ஐஸில் போட்டால் தசை கெட்டுப்போகும், பிறகு டாக்டராலும் ஒட்ட வைக்க முடியாது. கண்ணில் ஏதாவது குத்தியிருந்தால் தேய்க்கவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். கண்ணைச் சும்மா மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்க. சின்னச் சிலாம்பு என்றாலும் டி.டி. ஊசி போட்டாச்சா என்று கேட்டுக்கிடுங்க.

இன்சூரன்ஸ் பத்தியும் நம்மில் ஒரு தப்பான நினைப்பு இருக்கு. வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டுற பிரதமர் விபத்துக் காப்பீட்டில் நம்மில் நிறையப் பேர் சேர்ந்திருக்கோம். நல்லது. ஆனால் அதில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ முழுசாகப் போனால் 1 லட்சம். ஒரு விரல் போனால் அதில் ஒண்ணும் கிடையாது. ஒரு விரல் இல்லாமல் இறால் உரிச்சுப் பாருங்க, வலை முடிஞ்சு பாருங்க, பிள்ளைக்குத் தலை பின்னிப் பாருங்க. விரலுக்கு அதில் பணம் கிடைக்காது, நாமதான் பார்த்துக்கிடணும்.

அதனால்தான் இந்தப் பேச்சுக்குக் கைதான் மூலதனம் என்று பேர் வச்சேன். வங்கியில் வாங்கின கடன் ஒரு மூலதனம். அதைக் கட்டி முடிக்கலாம், திரும்பவும் வாங்கலாம். கை அப்படி இல்லை.

"பொம்பளைகளுக்கு எதுக்கு இந்த மெஷின்?" என்று கேட்குறவங்க நம்ம ஊரிலும் இருக்காங்க. இத்தனை நாள் கேட்டதில் ஒண்ணு புரிஞ்சுது. நம்மில் ஒருத்தி கையை வெட்டிக்கிட்டால், "பார்த்தியா, அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லிக் குழுவின் மெஷினையே பூட்டி வச்சிடுவாங்க. தச்சர் ஒருத்தர் கையை வெட்டிக்கிட்டால் யாரும் ஆம்பளைகளுக்கு மெஷின் எதுக்கு என்று கேட்கிறதில்லை. இது நியாயமில்லைதான். ஆனால் நிலைமை அதுதான். ஒருத்தி கவனமாக இருந்தால் அவள் கை மட்டும் தப்பிக்கலை, பின்னால் வருகிற பத்துப் பிள்ளைகளுக்கு வழியும் திறந்திருக்கும்.

கடன் பத்தியும் கேட்டிருந்தீங்க. 2025 ஏப்ரலில் தொடங்கின கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள் இருக்கு, மர வேலையும் அதில் உண்டு. 35 வயசு நிறைஞ்சவங்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். எந்தத் திட்டத்தில் மெஷின் வாங்கினாலும், விலைப்பட்டியல் எழுதும்போது கண்ணாடி, காது மூடி, முகக்கவசம், நாலு கிளாம்ப், ஆர்.சி.சி.பி. இந்த அஞ்சையும் மெஷினோடு சேர்த்து எழுதுங்க. பிறகு வாங்கிக்கிடலாம் என்றால் அந்தப் பிறகு வராது.

கடைசியாக, நம்ம கூட்டமைப்பு தீர்மானப் புத்தகத்தில் மூணு தீர்மானம் எழுதணும் என்று கேட்டுக்கிடுறேன். ஒண்ணு, மெஷின் வச்சிருக்கிற ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் போட்டு, யார் ஓட்டினது, பக்கத்தில் யார் இருந்தது, மெஷினில் என்ன கோளாறு என்று அன்னன்னைக்கு எழுதணும். ரெண்டு, பழைய மரத்தில் குறைஞ்சது பத்து நாள் பழகாதவங்க விற்பனைப் பலகையில் கை வைக்கக் கூடாது. மூணு, கண்ணாடி போடாமல் ஓட்டினால், அது யாராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், அன்னைக்கு மெஷின் டப்பாவுக்குள் போயிடணும்.

வேலைக்கு வருகிற பிள்ளைகள் பத்து விரலோடு வரணும், பத்து விரலோடு வீட்டுக்குப் போகணும். கூடவே கையில் காசும் இருக்கணும். பழகணும் என்று ஆசை இருக்கிறவங்க புன்னைக்காயலுக்கு வாங்க. முந்தானையைச் செருகிட்டு வாங்க, சொல்லித் தாரோம்.